செல்ஃபைக் கழற்றுவதற்கு முன்னால்

பழைய காரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் கழற்றப்படுவது செல்ஃப் மோட்டார்தான். பட்டறைகளில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. மோட்டாரைக் கழற்றுவார்கள், கார்பன் (உரசிக் கரண்ட் கொடுக்கும் கட்டை) மாற்றுவார்கள், உள்ளே சுற்றும் ஆர்மேச்சரைத் துடைத்துத் திரும்ப மாட்டுவார்கள். மாட்டுகிற சாக்கில் வயர் முனைகளையும் சுரண்டி இறுக்கிவிடுவதால் கொஞ்ச நாளைக்கு நன்றாகவே எடுக்கும். ஐப்பசி மழை வந்ததும் பழையபடி நிற்கும். தெரிந்தவர்கள் பலருடைய வண்டியில் இதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் மோட்டாருக்கு முழுசாகப் போய், முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அளந்து பார்க்காமல் அந்த மோட்டாரில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. என் வண்டியில் நடந்ததை வைத்து அதைச் சொல்கிறேன்.

வண்டி 1986 மாடல் அம்பாசிடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அப்பா வாங்கியது. வீடு சேலம் அஸ்தம்பட்டியில். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அம்மா வழியில் வந்த சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது, மரங்களில் மிளகும் ஏறியிருக்கிறது. பள்ளிக்கூட வேலை போக, விடுமுறை நாளில் அரிசி பருப்பும் ஆட்களுக்குக் கூலிப் பணமும் எடுத்துக்கொண்டு மேலே போவேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்தில் ஆரம்பித்து 20 கொண்டை ஊசி வளைவு. சுமையோடு ஏறும் அம்பாசிடர் பெரும்பாலும் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே போகும், வளைவில் எதிரே பஸ் வந்து நிறுத்திவிட்டால் முதல் கியர். இந்த விவரத்தை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

அந்த வருஷம் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில்தான் கோளாறு ஆரம்பித்தது. வீட்டில் காலையில் சாவியைத் திருப்பினால் எடுக்கும். மலை ஏறி, ஏரிக்கரைப் பக்கம் காய்கறி வாங்க நிறுத்திவிட்டு வந்து திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. கொஞ்சம் காத்திருந்தால் சில சமயம் எடுக்கும், சில சமயம் தள்ள வேண்டும். அதனால் எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தப் பழகினேன். ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்வதை மலைப்பாதையில் ஒரு தீர்வாக யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். கியரில் பிடிக்காத வண்டி இறக்கத்தில் இன்ஜின் பிடிமானம் இல்லாமல் உருளும். முழுச் சுமையையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும், அடுத்த கொண்டை ஊசி வளைவு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். சமதளத்தில் தள்ள ஆள் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

செல்ஃப் எடுக்கவில்லை என்று நாம் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க முதல் கருவி காது. இன்ஜின் நன்றாக வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது செல்ஃப் கோளாறே இல்லை. பெட்ரோலோ, பிளக்குக்குக் கரண்ட்டோ வரவில்லை. மலை ஏறி வந்த சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி நின்றுவிடுவது பழைய வண்டிகளில் சகஜம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுத்தால் சரியாகும். அதற்குப் போய் செல்ஃபைத் திட்டக் கூடாது.

சத்தமே இல்லையென்றால் சாவியிலிருந்து சொலினாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வரும் சின்ன வயர், சாவி சுவிட்ச் இவற்றைச் சந்தேகிக்கலாம். ‘டக் டக் டக் டக்’ என்று துடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றினால் பெண்டிக்ஸ் (மோட்டார் தண்டில் இருக்கும் பல் சக்கரம்) முன்னால் போய் ரிங் கியரை (இன்ஜினைச் சுற்றவைக்கும் பெரிய பல் வளையம்) பிடிக்கவில்லை. கரகரவென்று அரைத்தால் பல் தேய்ந்திருக்கிறது. இழுத்து இழுத்துச் சுற்றினால் மோட்டாருக்கு வேண்டிய வோல்ட் போய்ச் சேரவில்லை, இல்லாவிட்டால் மோட்டாருக்குள்ளேயே எதுவோ உரசுகிறது. ஒரே ஒரு ‘டக்’ என்பதுதான் இருப்பதிலேயே குழப்பமானது. சொலினாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது.

அந்த ‘டக்’குக்கு இரண்டாவது கருவி ஹெட்லைட். லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். இருட்டிய பிறகு சுவருக்கு எதிரே செய்தால் நன்றாகத் தெரியும். லைட் அடியோடு அணைந்தால் பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. ரொம்பவும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது மோட்டார் சிக்கிக்கொண்டு கரண்ட்டை அள்ளி இழுக்கிறது. லைட் பெரிதாக மாறாமல் பிரகாசமாகவே எரிந்தால் மோட்டாருக்குக் கரண்டே சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். சொலினாய்டுக்குள் தீய்ந்த காண்டாக்ட், தேய்ந்த கார்பன், கெட்ட கேபிள், கெட்ட எர்த் இந்த நான்கில் ஒன்று.

என் வண்டியில் லைட் பளிச்சென்று எரிந்தது. மாலை நாலு மணிக்கே ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்ததால் எதிரே நின்ற வேனின் மேல் வெளிச்சம் விழுவது தெரிந்தது. சாவியைத் திருப்பினேன், ‘டக்’. வெளிச்சம் லேசாகக்கூட அசையவில்லை. பக்கத்தில் நின்ற டாக்ஸி டிரைவர் தம்பி ஒருவர் உதவிக்கு வந்தார்.

“பேட்டரி டவுன்ங்க்கா. ஜம்பர் இருக்குது, போட்டுப் பாத்துரலாம்.”

லைட் இப்படி எரியும்போது பேட்டரியைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர் வண்டியை எதிரே கொண்டுவந்து நிறுத்தி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பேட்டரிக்கும் கேபிள் போட்டார். திருப்பினால் அதே ‘டக்’. இன்னொரு முழு பேட்டரி சேர்ந்தும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போது ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. காலையில் வீட்டில், குளிர்ந்த இன்ஜின் பிடிப்பதற்காகச் சோக்கை இழுத்தபோது அந்தக் குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கிற நேரத்தில் சோக் குமிழ் ஏன் சூடாக வேண்டும்? இப்போது தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பானெட்டுக்குள் சோக் கேபிளின் உறை கருகிய ரப்பர் வாடை அடித்தது.

“தம்பி, அந்தக் கறுப்பு கிளிப்ப பேட்டரில இருந்து எடுத்து இன்ஜின்ல மாட்டுங்க. பெயிண்ட் இல்லாத போல்ட்டா பாத்து நல்லாப் பிடிக்கிற மாதிரி மாட்டுங்க.”

மாட்டினார். சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கோளாறு இருந்த இடம் அங்கேயே தெரிந்துவிட்டது, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல்.

நடந்தது இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் பாடியில் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஹெட்லைட், ஹாரன் எல்லாம் பாடி வழியாகவே கரண்ட்டைத் திருப்பி அனுப்பும். ஆனால் செல்ஃப் மோட்டார் இன்ஜினோடு இறுக்கப்பட்டிருக்கிறது, இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புக் கம்பியைப் பின்னிச் செய்த ஒரு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்த ஒரு பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை கெட்டால் கரண்ட் வேறு வழி தேடும்: சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி என்று இன்ஜினையும் பாடியையும் தொடுகிற எந்த இரும்பிலும் புகுந்து போகும். அந்த மெல்லிய கம்பிகள் இதற்குத் தாங்குமா? சூடேறி, உறை கருகி, சில வண்டிகளில் சோக் இழுக்கவே வராமல் இறுகிப்போகும். சோக் கேபிள் காரணமில்லாமல் சூடானால் வேறு எதையும் பார்க்கும் முன் இன்ஜின் எர்த்தைப் பாருங்கள்.

மறுநாள் வீட்டு வாசலில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். என் பெண் சாவியைத் திருப்ப, நான் மீட்டர் முனைகளைப் பிடித்தேன். இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டாம், சாதாரண மீட்டர் போதும். ஆனால் முறை முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கை வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் தடிமனான கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. ஒரு வளையல் குறுக்கே பட்டால் கையோடு சேர்ந்து பழுத்துவிடும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன வயரைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ரொம்பப் பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியானால் நான் சொல்லும் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை முதலில் கவனியுங்கள். மீட்டர் முனையை கிளாம்ப்பில் வைக்காமல், நடுவில் இருக்கும் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். ஈயத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே வெள்ளைப் பூத்திருந்தால் அந்த இழப்பு அப்போதுதான் தனியாகத் தெரியும்.

அடுத்தது, பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையில் ஒரு கம்பி, செல்ஃப் மோட்டாரின் டெர்மினலில் இன்னொரு கம்பி. செல்ஃப் அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் சுத்தம். பிறகு மோட்டாரின் உடம்பில் ஒரு கம்பி, பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையில் இன்னொன்று. இங்கேயும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 0.2, 0.3 என்றால் நல்லது. கடைசியாக மோட்டார் டெர்மினலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே. மோட்டாருக்கு உண்மையில் கிடைக்கிற வோல்ட் இதுதான்.

காலையில் என் வண்டி ஒரேயடியாக நிற்காமல் இழுத்து இழுத்துச் சுற்றியது, அளக்க அது வசதியாகப் போயிற்று. பேட்டரியில் 11.2. பாசிட்டிவ் பக்கம் 0.4. மோட்டாருக்குக் கிடைத்தது 7.1. எர்த் பக்கம் 3.7. மூன்றையும் கூட்டினால் 11.2 வந்துவிடுகிறது. வகுப்பில் நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போடுகிற அதே கணக்கு. எங்கே வோல்ட் தொலைகிறது என்பதை மறைக்க வழியே இல்லை.

இந்தச் சோதனையை மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். பட்டறையில் பலர் பஸ்ஸர் வைத்து ‘பீப்’ சத்தம் வந்தால் வயர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். இந்த அளவு இன்ஜினைச் சுற்ற மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.7 வோல்ட் தொலைய வேண்டுமானால் நாற்பதில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே போதும். அதைச் சாதாரண மீட்டர் காட்டாது. அதன் சொந்த வயரிலேயே அதைவிட அதிகத் தடை உண்டு. ஹெட்லைட் ஏன் மங்கவில்லை என்பதற்கும் பதில் உண்டு. பல்பின் கரண்ட் பாடி வழியாகவே திரும்புவதால் அந்தப் பட்டையைத் தொடுவதே இல்லை; தொட்டிருந்தாலும் 5 ஆம்பியர் இழுக்கும் பல்பு அதே தடையில் இழப்பது ஒரு வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கு மட்டும் அது மூச்சை நிறுத்துகிற நோய். அந்த 3.7 வோல்ட்டும் 150 ஆம்பியரும் சேர்ந்தால் 550 வாட்டுக்கு மேல். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் சூடு அத்தனையும் அந்தப் பட்டையிலும் சோக் கேபிளிலும் இறங்கியிருக்கிறது. கேபிள் கருகாமல் என்ன செய்யும்?

வண்டியைக் குகைப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அப்பா காலத்திலிருந்து பார்க்கிறவர். கேட்டதும் அவர் வாயில் முதலில் வந்தது அந்த வழக்கமான வார்த்தைதான்.

“கார்பன் போயிருக்கும் டீச்சர். வுட்டுட்டுப் போங்க, சாயங்காலம் கழட்டிப் பாத்துட்டுச் சொல்றன்.”

“கழட்ட வேண்டாங்கண்ணா. இன்ஜின் எர்த் பட்டைய மட்டும் பாருங்க. அங்கயே மூணே முக்கா வோல்ட் போவுது.”

அவர் மறுத்துப் பேசவில்லை. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வாங்க டீச்சர், நீங்களே பாருங்க” என்று கூப்பிட்டார். பட்டையின் பின்னல் பாதிக்கு மேல் அறுந்து துடைப்பம் போல விரிந்து நின்றது. மீதி இழைகள் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. பாடியில் இறுக்கிய போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட்டும் துருவும். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் ஈரம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மலை ஏறும்போது முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இன்ஜின் தன் முழு பலத்தையும் போட்டு, ரப்பர் மவுண்ட்டின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து திரும்பும். ஒவ்வொரு வளைவிலும் பட்டை இழுபடும். இழை இழையாக அறுந்தது அதனால்தான். ஏறி முடித்த பிறகு மட்டும் எடுக்காமல் போனதும் அதனால்தான்: சாய்ந்து திரும்பிய இன்ஜின் மிச்ச இழைகளையும் பிடிப்பிலிருந்து விலக்கிவிடும், செம்பு சூடாகச் சூடாகத் தடையும் கூடும். கீழே இறங்கி ஆறிய பிறகு, காலையில் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும்.

புதுப் பட்டை போடுவது பெரிய வேலையில்லை, ஆனால் போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. போல்ட் உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிய வேண்டும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவ வேண்டும். பட்டை விறைப்பாக நிற்கக் கூடாது. இன்ஜின் சாய்ந்து திரும்ப இடம் கொடுத்து ஒரு தொய்வு இருக்க வேண்டும். கூடவே பேட்டரி கேபிள்களையும் மாற்றினேன். கடையில் தடிமனாகவும் விலை குறைவாகவும் கிடைக்கும் கேபிள் சிலவற்றில் உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம் இருக்கும். அதே தடிமனில் அலுமினியத்துக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் முடித்து அளந்தபோது எர்த் பக்கம் 0.2 காட்டியது. இன்ஜின் சுற்றிய வேகத்தைக் கேட்டு அண்ணனே திரும்பிப் பார்த்தார்.

இதன் அர்த்தம் மோட்டார் கெடவே கெடாது என்பதல்ல. பாதை சுத்தம் என்று அளந்து தெரிந்த பிறகும், மோட்டார் டெர்மினலில் பத்து வோல்ட் கிடைத்த பிறகும் சுற்றவில்லை என்றால் அப்போது தாராளமாகக் கழற்றலாம். அதற்கும் முன்னால் வேறு இரண்டு இடம் உண்டு.

ஒன்று சொலினாய்டு. அம்பாசிடரில் அது மோட்டாரின் முதுகில் இல்லாமல் பானெட்டுக்குள் தனியாக இருக்கும். அதன் இரண்டு பெரிய ஸ்டட்களுக்கும் நடுவே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வந்த பிறகும் அங்கே பல வோல்ட் நின்றால் உள்ளே காண்டாக்ட் தட்டு தீய்ந்துவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான். பழைய சொலினாய்டு சிலவற்றில் அடியில் ரப்பர் மூடிய ஒரு பொத்தான் இருக்கும். கியர் நியூட்ரலில் இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டு அதைக் கையால் அமுக்கினால் மோட்டார் சுற்றும். அமுக்கினால் எடுக்கிறது, சாவியில் எடுக்கவில்லை என்றால் கோளாறு சாவிப் பக்கம். மேலே மாட்டிக்கொள்ளும்போது அந்தப் பொத்தான் பெரிய உதவி. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு ஸ்டட்டையும் தொட்டுப் பொறி பறக்கவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேட்டரி ஆவி எரியக்கூடியது.

இன்னொன்று பெண்டிக்ஸ் சிக்கிக்கொள்வது. லூகாஸ் கம்பெனி வகைப் பழைய மோட்டாரில் பல் சக்கரம் திருகு மரை போட்ட தண்டில் உட்கார்ந்திருக்கும். மோட்டார் சட்டென்று வேகமெடுக்கும்போது அது மரையில் ஓடி முன்னால் போய் ரிங் கியரைக் கவ்வும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் ஓடாது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது சில சமயம் ‘விர்ர்’ என்று மட்டும் கேட்பது இதனால்தான். சில நேரம் பல்லோடு பல் இறுகி அப்படியே நின்றுவிடும். அப்போது ஹெட்லைட் ரொம்பவும் மங்கும், அது அடையாளம். நாகலூர் போகும் வழியில் எனக்கு ஒருமுறை இப்படி ஆனது. இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னேன். ‘கிளிங்’ என்று சத்தம் கேட்டு விடுபட்டது. இதைச் சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். சரிவில் நிற்கிறது என்றால் மோட்டாரின் பின்பக்க மூடியைப் பாருங்கள். அந்தச் சின்னத் தொப்பிக்குள் தண்டின் முனை சதுரமாக இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விடுபட்டுவிடும். இந்த ஏற்பாடு இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது, அவசரத்தில் மோட்டாரைச் சுத்தியலால் அடிக்கிறார்கள். அடிப்பதால் சில சமயம் சுற்றும்தான். கார்பன் தேய்ந்து ஸ்பிரிங் அழுத்தாமல் நிற்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவே. அதை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டக் கூடாது.

பெண்டிக்ஸுக்கு கிரீஸ் வைக்க வேண்டாம் என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்பதில்லை. கிரீஸில் கிளட்ச் தூசி ஒட்டிக் களியாகி, பல் சக்கரம் மரையில் ஓடாமல் நின்றுவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு, போதும். அம்பாசிடரில் ஆயில் ஃபில்டரும் செல்ஃபும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஃபில்டர் மாற்றும்போது வழிகிற ஆயில் மோட்டாருக்குள் இறங்காமல் ஒரு பழந்துணி போட்டு வைக்கச் சொல்வேன்.

என் மோட்டாரையும் பிறகு ஒரு நாள் கழற்றினோம், கோளாறு என்பதற்காக இல்லை, வயசாகிவிட்டது என்பதற்காக. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியின் தகடு இன்னும் படிக்கிற மாதிரியே இருந்தது. கழற்றும் முன் பேட்டரியின் எர்த் கிளாம்ப்பை எடுத்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை மோட்டாரில் கார்பன் 8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். என்னுடையது இன்னும் நன்றாகவே மிச்சம் இருந்தது. ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்பு உருளையான காம்முடேட்டரைக் கண்ணாடித் தாளால் தேய்த்தோம். எமரித் தாளின் துகள் செம்பில் புதைந்துகொள்ளும், அது வேண்டாம். டைனமோவில் காம்முடேட்டர் பட்டைகளுக்கு நடுவே மைகாவை அறுத்துப் பள்ளமாக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் இதிலும் அண்ணன் ரம்பத்தை எடுத்தார். இந்த வகைச் செல்ஃப் மோட்டாரில் அப்படி அறுக்கக் கூடாது என்பது லூகாஸ் முறை, சொன்னதும் வைத்துவிட்டார்.

தேய்ந்திருந்தது புஷ், அதாவது ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் வெண்கல வளையம். அதைத்தான் பட்டறைகளில் யாரும் கவனிப்பதில்லை. புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் தொய்ந்து, சுற்றிலும் இருக்கும் காந்தத் துண்டுகளில் உரசும். சூட்டில் இன்னும் மோசம். ஆர்மேச்சரின் மேல் பளபளவென்று உரசல் தடம் தெரிந்தால் இதுதான். என் ஆர்மேச்சரில் அது ஆரம்பிக்கிற நிலையில் இருந்தது. வெண்கலப் புஷ்ஷை மாட்டும் முன் ஒரு நாள் முழுக்க மெல்லிய எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஏறினால்தான் பல வருஷம் உழைக்கும். அவசரமாகக் கேட்டால் உலர்ந்த புஷ்ஷையே அடித்து மாட்டித் தந்துவிடுவார்கள். ஒரு நாள் வண்டி இல்லாமல் இருப்பது பரவாயில்லை.

ஓட்டுகிறவர்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். முதல் முறை பிடிக்காவிட்டால் எல்லாம் முழுசாகச் சுற்றி நின்ற பிறகே மறுபடி திருப்புங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ரிங் கியரில் பல் சக்கரம் போய் மோதினால் இரண்டிலும் பல் உடையும். மார்கழியில் ஏற்காட்டில் இரவு தங்கினால் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும், பேட்டரியும் சோர்ந்திருக்கும். அன்றைக்கு ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு அடித்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டிய சுமை மோட்டாருக்குக் குறையும்.

டிக்கியில் இப்போது ஒரு ஜம்பர் கேபிள், சின்ன மீட்டர், பல் வாஷர் நாலு, ஒரு எர்த் பட்டை வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் ஒரு முறை எர்த் பக்கத்தை அளந்து சர்வீஸ் நோட்டில் எழுதிவிடுவேன். அரை வோல்ட்டை நெருங்கினால் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும், இதுவரை நெருங்கவில்லை. மிச்சம் இருக்கிற வேலை ரிங் கியர். நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே நிலையில்தான் வந்து நிற்கும். அதனால் பல் சக்கரம் எப்போதும் அந்த இரண்டு இடத்தையே கவ்வி, அங்கே மட்டும் தேய்த்திருக்கிறது. எப்போதாவது கரகரக்கிறது. அடுத்து கிளட்ச் பிரிக்கும்போது ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, கால் சுற்று திருப்பி மாட்டிவிடலாம், புதுசு வாங்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். தை மாசம் பறிப்பு முடிந்ததும் வண்டியை அவரிடம் விட வேண்டும்.